லேசான காயம் என்னும் கடைசி வரி



நம் மலைப்பாதையில் வேன் கவிழ்ந்தது, பஸ் பள்ளத்தில் இறங்கியது என்று செய்தி வந்தால் எல்லாரும் மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணிக்கையைத்தான் படிப்போம். நான் கடைசி வரியையும் படிப்பேன். "லேசான காயமடைந்தவர்கள் முதலுதவிக்குப் பின் வீடு திரும்பினர்" என்று அநேகமாக எல்லாச் செய்தியிலும் ஒரு வரி இருக்கும். இந்தப் பதிவு அந்த வரியில் இருப்பவர்களைப் பற்றியது. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு ஒரு வேலை தானாக வந்து சேர்ந்தது. லைன் வீடுகளில் இருக்கிறவர்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்த இங்கிலீஷ் சீட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க." விழுந்து அடிபட்டு வந்த பலருடைய சீட்டில் மூன்று சொல் இருக்கும்: "நோ போனி இஞ்சுரி". எலும்பில் காயம் இல்லை. கேட்டதும் அவர்கள் முகம் தெளியும். ஆனால் ஒரு மாதம் கழித்தும் வலி போகாமல் அதே சீட்டோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு. எலும்பு உடைந்தும் உடையவில்லை என்று எப்படித் தோன்றும்? இந்தக் கேள்வியோடு படிக்கப் போனதில் அகப்பட்டது இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை.

18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரத்தில் குளோத் பூத்தோ என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். கையை ஊன்றி விழுந்தவரின் மணிக்கட்டு வீங்கிக் கோணலாக இருந்தால், அன்றைய மருத்துவர்கள் சுளுக்கு என்பார்கள், இல்லையென்றால் மூட்டு விலகிவிட்டது என்பார்கள். இவற்றில் பல, முன்கை எலும்பின் நுனி உடைந்ததுதான் என்று பூத்தோ எழுதினார். 1775இல் அவர் இறந்துபோனார். எழுத்து அச்சேறியது 1783இல். பிரான்சுக்கு வெளியே அதைப் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 1814இல் அயர்லாந்தின் டப்ளினில் ஆபிரகாம் காலிஸ் என்பவர் அதே விஷயத்தைத் தனியாகக் கண்டு எழுதினார். இழுத்துப் பிடித்தால் கோணல் நேராகிறது, விட்டால் மறுபடி கோணலாகிறது; மூட்டு விலகலாக இருந்தால் இப்படி நடக்காது என்பது அவர் சொன்ன அடையாளம். இன்றைக்கும் அந்த முறிவுக்குக் காலிஸ் முறிவு என்றே பெயர். எக்ஸ்ரே வருவதற்கு 81 வருடம் முன்னால், இரண்டு கைகளை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தது இது.

அதே 1814இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் நடந்தது என்னை இன்னும் அதிகமாகத் தொட்டது. ஜொவானி மோன்டெஜியா என்ற மருத்துவரிடம் விழுந்து அடிபட்ட ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். முன்கையில் இரண்டு எலும்பு உண்டல்லவா? சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மேல்பாகத்தில் உடைந்திருக்கிறது என்று கணித்துக் கட்டுப் போட்டார். ஒரு மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்துக் கையை நீட்டிப் பார்த்தால், முழங்கை அருகே கட்டை விரல் பக்கத்து எலும்பின் தலை துருத்திக்கொண்டு வெளியே வந்தது. ஒரு எலும்பு உடைந்தபோதே இன்னொன்று மூட்டிலிருந்து நழுவியிருக்கிறது. மறுபடி அமுக்கிக் கட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் வெளியே சொல்லாமல் விட்டிருப்பார்கள். அவரோ வருத்தத்தோடு இந்த நிகழ்ச்சியைத் தன் அறுவை மருத்துவப் பாடநூலிலேயே எழுதி வைத்தார். அந்தக் காயத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

பேரி மரத்திலும் பிளம்ஸ் மரத்திலும் ஏறி விழுகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரக்கூடிய காயம்தான் இது. உடைந்த இடம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். பார்க்கிறவர் கண் அங்கேயே நின்றுவிடும். நழுவிய மூட்டு படத்தின் ஓரத்தில் இருக்கும், அல்லது படத்திலேயே இருக்காது. அதனால்தான் ஒரு எலும்பு உடைந்தால் அதற்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்த்துப் படம் எடு என்று மருத்துவ மாணவர்களுக்கு இன்றைக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு மருத்துவர் லிஸ்ஃபிராங்க் பெயரில் பாதத்தின் நடுவே ஒரு மூட்டு வரிசை இருக்கிறது. குதிரையிலிருந்து விழும் வீரனின் கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டு முறுகினால் அந்த வரிசை பிய்ந்துபோகும். நம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரையேறிக் குள்ளநரி விரட்டிய வெள்ளைக்காரத் துரைமார் காலத்தோடு இந்தக் காயமும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இப்போது பிரேக் மிதியில் கால் வைத்தபடி மோதுகிற ஓட்டுநருக்கும், பைக்கோடு சாய்ந்து கால் மாட்டிக்கொள்கிறவருக்கும் வருகிறது. சுமார் ஐந்தில் ஒன்று முதல் பார்வையில் தவறிவிடுவதாக எலும்பு மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. உள்ளங்காலில், நடுப்பாதத்தில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தால் அது வெறும் வீக்கம் இல்லை என்று சந்தேகப்பட வேண்டுமாம்.

தோள்மூட்டுக்கு வருகிறேன். தோள் பெரும்பாலும் முன்பக்கம் நழுவும். அது பார்த்தாலே தெரியும். அபூர்வமாகப் பின்பக்கம் நழுவும், முக்கியமாக வலிப்பு வந்தவர்களுக்கும் கரண்ட் ஷாக் அடித்தவர்களுக்கும். முன்னாலிருந்து எடுத்த எக்ஸ்ரேயில் அது ஏறக்குறைய சரியாக இருப்பது போலவே தெரியும். இன்றைக்கும் இதில் நிறைய தவறிப்போகிறது. ஆனால் 1855இல் பாரிசில் மால்கெய்ன் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 37 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே வர இன்னும் 40 வருடம் இருக்கிறது! கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லி, திரும்பாமல் பூட்டிக்கொண்டிருப்பதைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயம். இயந்திரம் வந்தபிறகு கை கொஞ்சம் மறந்துபோயிற்றோ என்று எனக்குத் தோன்றுகிறது. வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை கால்குலேட்டர் வந்தபிறகு மறந்த மாதிரி.

எக்ஸ்ரேயைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ரான்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டார். டிசம்பரில் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. இரண்டே வருடத்தில் அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1897-98இல் வடமேற்கு எல்லையில் நடந்த திரா சண்டையில், பீவர் என்ற ராணுவ மருத்துவர் மலைப்பாதையில் எக்ஸ்ரே கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிப்பாய்கள் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934இல் திறக்கப்பட்டது.

ஆனால் எக்ஸ்ரே என்பது அடிப்படையில் நிழல். கரண்ட் போன இரவில் மெழுகுவர்த்திக்கு முன்னால் கையைக் காட்டிச் சுவரில் மான், முயல் செய்வோமே, அதே வித்தைதான். ஒரு விரலுக்குப் பின்னால் இன்னொரு விரல் ஒளிந்துகொண்டால் நிழலில் தெரியாது. கையைத் திருப்பினால் தெரியும். ஒரே படத்தை நம்பாமல் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுப்பது அதற்காகத்தான். சில எலும்புக்கு அந்த இரண்டும் போதாது.

அப்படிப்பட்ட எலும்புதான் படகெலும்பு. ஸ்கேஃபாய்டு என்பார்கள், கிரேக்க மொழியில் படகு என்று பொருள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகளில் ஒன்று, முந்திரிப் பருப்பு அளவு, வடிவமும் கிட்டத்தட்ட அப்படித்தான். உங்கள் கட்டை விரலை நன்றாக மேலே தூக்கி விறைத்துப் பாருங்கள். அடியில், மணிக்கட்டு ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுகிறதா? அந்தக் காலத்தில் மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை அங்கே வைத்து உறிஞ்சுவார்களாம். மருத்துவப் புத்தகத்திலும் அதற்கு மூக்குப்பொடிக் குழி என்றே பெயர். அதன் அடியில் இருக்கிறது படகெலும்பு. கையை ஊன்றி விழுந்தால் அடி அங்கே போகும். உடைந்தாலும் கை கோணாது, வீக்கமும் அதிகம் இருக்காது. முதல் நாள் எக்ஸ்ரேயில் கோடு தெரியாமலும் போகலாம். பத்துப் பதினைந்து நாள் கழித்து எடுத்தால் உடைந்த விளிம்பு கரைந்து கோடு தெரிய வரும்.

இதில் பெரிய சிக்கல் ரத்த ஓட்டம். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து முனையில் நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் கைப்பக்கத்துத் துண்டுக்குத் தண்ணீர் போகாத கடைமடை வயல் கதி. கட்டுப் போடாமல் வேலை செய்தால் சேராது. சேராத துண்டு செத்தும் போகலாம்.

தேயிலைச் சரிவில் வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று யோசியுங்கள். ஐப்பசி மழையில் பாதை சவுக்காரம் போல வழுக்கும். முதுகில் கொழுந்து மூட்டை. சறுக்கினால் ஊன்றுவது கையைத்தான்.

என்னிடம் சீட்டு கொண்டுவந்தவர்களில் ஒரு பெண். என் பழைய மாணவனின் அம்மா. அவர் பெயரும் வேண்டாம், போன ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம். சறுக்கி விழுந்து கல்லில் மண்டை உடைந்து, சேலையெல்லாம் ரத்தம். கொண்டுபோன இடத்தில் தலையைத்தான் பார்த்தார்கள், பார்க்கத்தானே வேண்டும்? மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாளா என்று கேட்டு, தையல் போட்டு, ராத்திரி முழுக்க வைத்திருந்தார்கள். கை வலிக்கிறது என்றதற்கும் ஒரு படம் எடுத்தார்கள். நோ போனி இஞ்சுரி. கையில் துணிக்கட்டு, மாத்திரை, வீடு. பத்து நாளில் தலைத் தையல் பிரித்தார்கள். கையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பக்கத்து லைன் பாட்டி எண்ணெய் போட்டு நீவிவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் துணி பிழிய முடியவில்லை, குக்கர் மூடி திருக முடியவில்லை. கொழுந்தின் எடை பாதியானது. எட்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் பார்த்த மருத்துவர், எலும்பு இரண்டாகக் கிடக்கிறது, ஒரு துண்டுக்கு உயிர் இல்லை என்றார். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, திருகாணி போட்டார்கள். கை பிழைத்தது, ஆனால் பாதிதான் மடங்கும். இப்போது அவர் கொழுந்து எடுப்பதில்லை. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) ஆயா வேலை. சம்பளம் குறைவு.

அந்த இரவு பணியில் இருந்த மருத்துவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ரத்தம் வழிகிற தலைக்கு முன்னால் வீங்காத மணிக்கட்டு எப்படிக் கண்ணில் படும்? பத்தாம் நாள் "கை எப்படி இருக்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட ஒரு மனிதர் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

எர்னஸ்ட் அமோரி காட்மன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர். எக்ஸ்ரே வந்த புதிதில் அதை எடுத்துப் பழகிய முதல் தலைமுறை ஆள். அதுவரை மணிக்கட்டுச் சுளுக்கு என்று அனுப்பப்பட்டவர்களில் படகெலும்பு உடைந்தவர்கள் இருப்பதை 1905இல் சேஸ் என்பவரோடு சேர்ந்து விரிவாக எழுதினார். அதற்கு மேல் அவருக்கு ஒரு பிடிவாதம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட வேண்டும். என்ன நோய் என்று நினைத்தோம், என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். வீட்டுக்குப் போனபிறகும் ஒரு வருடமாவது தொடர்ந்து, கடைசியில் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். சரியாகவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும். அதை ஊருக்கும் வெளியிட வேண்டும். பரீட்சைத்தாளைத் திருத்தி மதிப்பெண் போட்டால்தானே பாடம் நடத்தியது புரிந்ததா என்று தெரியும்? அவ்வளவுதான் அவர் கேட்டது.

அவர் வேலை பார்த்த பெரிய மருத்துவமனை அதற்கு ஒப்பவில்லை. 1911இல் சொந்தமாகச் சிறிய மருத்துவமனை ஆரம்பித்தார். 1914இல் பழைய வேலையை விட்டார். 1915இல் ஒரு கூட்டத்தில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்து காட்டினார்: மணலில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி பொன்முட்டை இடுகிறது, ஊர்ப் பணக்காரர்களிடமிருந்து அந்த முட்டைகளைப் பெரிய மருத்துவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். விடுவார்களா? ஊரே அவரைத் தள்ளி வைத்தது. ஆனால் சொன்னதைத் தன் மருத்துவமனையில் செய்து காட்டினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். அவர்களுக்குச் செய்த மருத்துவத்தில் 123 பிழைகள் என்று தானே கணக்கெடுத்து அச்சடித்து வெளியிட்டார். 337க்கு 123! இந்தக் காலத்தில் ஒரு மருத்துவமனை இப்படி விளம்பரம் கொடுக்குமா சொல்லுங்கள். 1940இல் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல் வைக்கக்கூட இல்லை. 2014இல்தான் பின்வந்த மருத்துவர்கள் சேர்ந்து கல் நட்டார்கள்.

அடுத்து ஒரு விமான விபத்து. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் மனைவி, நான்கு பிள்ளைகளோடு தானே சிறு விமானம் ஓட்டிக்கொண்டு போனபோது நெப்ராஸ்கா மாநிலத்தில் வயல்வெளியில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகளோடு அவர் போய்ச் சேர்ந்த சிறு ஊர் மருத்துவமனையில் இப்படிப்பட்ட காயத்தை எந்த வரிசையில் பார்ப்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. வயல்வெளியில் வெறுங்கையோடு நான் பார்த்ததைவிட இங்கே மோசம் என்று நொந்துபோனவர், நண்பர்களோடு சேர்ந்து 1978இல் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். முதலில் மூச்சுப்பாதை, பிறகு சுவாசம், பிறகு ரத்த ஓட்டம், பிறகு மூளை, அதன்பின்தான் மற்றவை. இன்று உலகம் முழுக்க விபத்துப் பிரிவுகள் அந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. எத்தனையோ உயிர் பிழைத்தது அதனால்தான்.

அந்த வரிசையில் சுண்டுவிரலும் மணிக்கட்டும் பாதமும் எங்கே? கடைசியில். உயிர் முக்கியம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பரபரப்பு அடங்கியபின் மறுபடி ஒருமுறை தலைமுதல் கால்வரை தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்று எண்டர்சன் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1990இல் எழுதினார்கள். அப்படிப் பார்த்தபோது 100க்கு 9 பேரிடம் முதலில் தவறவிட்ட காயம் கிடைத்தது. அந்த மறுபார்வைக்கு மூன்றாம் பரிசோதனை என்று பெயர். நோயாளி நினைவு தெளிந்து, தானே எழுந்து நடக்கும்போது செய்வதுதான் நல்லதாம். வலிக்கிற இடத்தைக் காட்ட அப்போதுதானே அவரால் முடியும்.

இனி நம் மலைக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டங்கள் மருத்துவ வசதி தர வேண்டும் என்றது. பல இடங்களில் அது தோட்ட டிஸ்பென்சரியும் மருந்து எடுத்துக்கொடுக்க ஓர் ஆளும்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் குன்னூர் லாலி ஆஸ்பத்திரி (1906 முதல் 1911 வரை சென்னை ஆளுநராக இருந்த ஆர்தர் லாலியின் பெயர்), இல்லை ஊட்டி, அதற்கும் மேல் என்றால் மலை இறங்கிக் கோவை. 2008இல் 108 வந்தது. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரம் அரசே செலவை ஏற்கிறது. 2022 ஜனவரியில் ஊட்டியில் மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. என் காலத்தில் பிரசவத்துக்கே ஜீப் தேடிய மலை இது. இதெல்லாம் சாதாரண முன்னேற்றம் இல்லை.

ஆனால் கவனியுங்கள், 48 மணி நேரம் என்பது உயிருக்கான கணக்கு. படகெலும்பின் கணக்கு பத்தாம் நாளில் தொடங்குகிறது. தோட்டத்துச் சரிவில் விழுந்தவர் சாலை விபத்துக் கணக்கிலேயே வரமாட்டார். அப்புறம், மூன்று ஆஸ்பத்திரி மாறுகிற நோயாளிக்கு ஒவ்வொரு இடத்திலும் முந்தைய இடத்தில் எல்லாம் பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கை வேறு. 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த சுற்றுலாப் பஸ் கவிழ்ந்தபோது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இருந்த வண்டி, ஒரே இரவில் அத்தனை பேரையும் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இரவில் யாரால் விரல் விரலாகத் தொட்டுப் பார்க்க முடியும்? வெளியூர்க்காரர்கள் மறுநாள் ஊருக்குப் போய்விடுவார்கள். மறுபார்வை அவர்கள் ஊரில்தான் நடந்தாக வேண்டும்.

நீவிவிடுவதைப் பற்றியும் கேட்பீர்கள். புத்தூர் கட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக நம் சனம் போய்க்கொண்டிருக்கிறது, குணமானவர்களை எனக்கும் தெரியும். ஆனால் உடைந்ததா இல்லையா என்று தெரியாத இடத்தில் நீவக் கூடாது. எந்தக் கட்டாக இருந்தாலும், மாவுக்கட்டோ மூங்கில் கட்டோ, விரல் மரத்து, குளிர்ந்து, விரலை நீட்டினால் உயிர் போகிற வலி என்றால் அந்த நிமிடமே கட்டைத் தளர்த்த வேண்டும். இறுகிய கட்டில் ரத்தம் போகாத தசை சுருங்கிக் கை கொக்கி போல ஆகிவிடுவதை 1881லேயே ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் எழுதிவிட்டார். காலைவரை பொறுக்கலாம் என்பது இதில் கிடையாது.

வயதானவர்கள் விஷயம் ஒன்று. குளியலறையில் விழுந்த பாட்டி எழுந்து நடந்தே வருவார், தொடை இடுக்கில் வலி என்று மட்டும் சொல்வார். இடுப்பெலும்பு உடைந்து ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் சில நாள் நடக்கவும் முடியும், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகவும் கூடும். நடக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது யாராவது சீட்டோடு வந்தால் "நோ போனி இஞ்சுரி" என்பதை நான் "இன்றைக்கு எடுத்த இந்தப் படத்தில் எலும்பு முறிவு தெரியவில்லை" என்று படித்துச் சொல்கிறேன். சீட்டின் பின்பக்கம் பன்னிரண்டு நாள் தள்ளி ஒரு தேதி எழுதுகிறேன். அதற்குக் கீழே தமிழில், எங்கே விரல் வைத்து அழுத்தினால் வலிக்கிறது என்று அவர்கள் காட்டுகிற இடத்தையும் எழுதிக் கொடுக்கிறேன். அந்தத் தேதியில் வலி இருந்தால் பழைய எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துக்கொண்டு போய், அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, மறுபடி படம் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறேன். அதுவரை கையில் இருக்கும் கட்டை வேலைக்காக அவிழ்க்க வேண்டாம் என்றும்.